படபடப்பு வந்தால் பயப்படலாமா?

புக்கிட் பெருவாங்கிலிருந்து செம்பனைத் தோட்ட வேலைக்குப் போய்வரும் ஒரு தாய். சில மாதங்களாக அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, இரவில் உறக்கமில்லை. அக்கம்பக்கத்தார் 'நரம்புத் தளர்ச்சி' என்றார்கள். மூன்று புட்டி டானிக் காலியாயிற்று. கையில் மந்திரித்த கயிறும் ஏறிற்று. ஒரு நாள் பள்ளிக்கு வந்து, "எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா பிள்ளைங்களைப் பாத்துக்குங்க, வாத்தியாரே" என்று கண் கலங்கினார்.

அன்பான வாசகர்களே, நரம்பு என்பது கயிறுபோல் தளர்ந்துபோகும் பொருளல்ல. தோட்டத்தில் திடீரென்று பாம்பைக் கண்டால் என்ன ஆகிறது? சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் இரு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது, வியர்க்கிறது. தப்பி ஓடுவதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு இது. கடன், கணவரின் குடி, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் ஆகியவையும் இதே சுரப்பிகளைத்தான் கிளப்பிவிடுகின்றன. பாம்பைக் கண்டு ஓடலாம்; கடிதத்தைக் கண்டு எங்கே ஓடுவது?

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். இளமையில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவலையில் தொற்றிய படபடப்பு பிறகும் அவரை விடவில்லை. முதல் உலகப் போரில் சண்டையிட்ட நண்பர் ஒருவர், போர்முனையில் தங்களுக்கும் இப்படித்தான் இருந்தது என்றும், படபடப்பைக் கண்டு பயப்படுவதே அதை வளர்க்கிறது என்றும் விளக்கினாராம். அதைப் பிடித்துக்கொண்ட வீக்ஸ், பின்னாளில் டாக்டராகி, 1962-இல் நரம்புத் தொல்லைக்காகவே ஒரு நூல் எழுதினார். படபடப்போடு மல்லுக்கட்டாமல், வந்தது வரட்டும் என்று விட்டுக் கைவேலையைத் தொடர வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான்!

ஆனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பி மிகுந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனி மரத்துத் தலை சுற்றும். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நான்கைந்து வேளை கோப்பி குடிப்பவர்கள் இரண்டாகக் குறைக்கலாம். நான் குறைத்திருக்கிறேன், எளிதில்லை! மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களுக்கு, சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவை உண்டு. எண் 15555.

மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது, வீட்டையும் மீட்டுத் தராது. அந்தத் தாய்க்கும் கவலைகள் அப்படியேதான் இருக்கின்றன. கிளினிக்கில் சோதித்து, இதயத்தில் கோளாறில்லை என்றார்கள். இப்போதும் சில மாலைகளில் படபடப்பு வருகிறதாம். "வந்தா வரட்டும் சார்னு கீரையை ஆய்ஞ்சுகிட்டே இருப்பேன். ஆய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள அது போயிடுது" என்கிறார்.