இழுப்பறைக்கு ஏற்ற மரம்

சென்ற ஆகஸ்டில் ஒரு நாட்காலை. வாய்மொழித் தேர்வுக்கு அரைமணி நேரமே இருந்தது. அனுமதிச் சீட்டோ என் மேஜையின் இழுப்பறைக்குள்! இழுத்தேன், அசையவில்லை. அறைத்தோழர் காலை ஊன்றி இழுத்தார். முகப்புப் பலகை மட்டும் அவர் கையோடு வந்தது. மேஜையின் பின்பலகையைப் பெயர்த்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மே மாதத்தில் லொடலொடவென்று ஆடிய இழுப்பறை, தில்லியின் மழைக்காலத்தில் இப்படி அடம் பிடிப்பானேன்?

மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டுமே இருக்கிறது. அதன் உயிரணுச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நெடுக்கிலேயே அமைந்துள்ளன. நீர் அவற்றினிடையே புகுந்து விலக்குகிறது. ஆதலால் பலகை நீளத்தில் மாறுவது மிகச் சிறிது, அகலத்தில்தான் பருக்கிறது. அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் பருப்பது, ஆரத்தின் திசையில் பருப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு.

இழுப்பறையின் பக்கப்பலகைக்கு அகலம் என்பது அதன் உயரமே. 15 செ.மீ. உயரமுள்ள தேக்குப் பலகையை எடுத்துக்கொள்வோம். வளையப் போக்கில் அறுத்ததாயின், மரத்தின் ஈரம் 6 விழுக்காடு ஏறும்போது சுமார் 2 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். ஆரப்போக்கில் அறுத்ததாயின் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. பதமாக உலர்ந்த தேக்கின் கணக்கு இது. என் மேஜையிலிருந்ததோ அரைகுறையாக உலர்ந்த மாம்பலகை!

ஆகவே மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள்; பலகையின் முனையைக் குனிந்து பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் வாங்கலாம். படுத்துக் கிடந்தால் பக்கங்களுக்கு அது ஆகாது. ஓரத்தில் வெள்ளை மரம் இருந்தால் வண்டு துளைக்கும். வைரப் பகுதியே வேண்டும்.

இங்குள்ள கீர்த்தி நகர்க் கடைகளில் சீசத்தைப் புகழ்ந்து தள்ளுவார்கள். முகப்புக்கு அது அழகுதான். பக்கங்களுக்குக் கனம் மிகுதி. பக்கங்களுக்கு என் வாக்கு தேக்குக்கே. இயல்பான எண்ணெய்ப்பசை இருப்பதால் அது வழுக்கிச் செல்லும். கரையானும் எளிதில் அணுகாது. விலைதான் மாணவர்க்கு எட்டாது! அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகை போதும். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஓரடுக்கைப் பருக்கவிடாமல் மற்றது தடுக்கிறது.

என் இழுப்பறையைச் செப்பனிட வந்த முதிய தச்சர், மாம்பலகையின் மேல்விளிம்பை இழைத்துவிட்டு மெழுகுவத்தியைத் தேய்த்தார். மழைக்காலத்தில் அளவு பார்த்து இழைத்தால் பிறகு ஆண்டு முழுவதும் சிக்காது என்றார். உண்மைதான், இதுவரை சிக்கவில்லை. ஆயினும் அனுமதிச் சீட்டை இப்போது தகரப் பெட்டியில்தான் வைக்கிறேன்.