ஒரு பாலமும் ஒரு நகரின் மனச்சாட்சியும்

அமெரிக்காவில் குடும்பத்தோடு நெடும்பயணம் செல்வோர் பலர், உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள 'ஆர்.வி.' எனும் வீட்டு வண்டியிலேயே செல்கின்றனர். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகருக்கு அவ்வாறு செல்வோர், வண்டியைப் புறநகர் முகாமில் நிறுத்திவிட்டு, நகரினுள் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதே நலம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 1,81,000 பேர்.

1969-இல், நாட்டிலேயே மிகவும் மாசுற்ற காற்றுடைய நகரென இவ்வூர் பழிக்கப்பட்டது. ஆலைப் புகையைக் கட்டுப்படுத்தி அப்பழியைத் துடைத்தனர் மக்கள். 1891-இல் திறக்கப்பட்டு 1978-இல் மூடப்பட்ட வால்நட் தெருப் பாலத்தையும் இடித்தொழிக்காமல் செப்பனிட்டு, 1993-இல் நடைபாலமாக்கினர்.

ஆயினும், அப்பாலத்தின்மீது வேறொரு கறையும் படிந்திருந்தது. போதிய சான்றின்றிக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்தும், 1906 மார்ச் 19 இரவு ஒரு வெறிக்கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து அங்கே தூக்கிலிட்டது. 2000-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2021-இல் பாலத்தின் தென்முனையருகே, அவருக்கும், அவருக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் இருவருக்கும் சிலைகள் எழுப்பப்பட்டன.

காற்றின் மாசை அகற்றியது அரிய செயலே. தன் பாவத்தை ஊரறிய அறிக்கையிடுவது அதனினும் அரிது. பிள்ளைகளோடு அங்கே செல்வோர், அச்சிலைகளின்முன் சற்றே நின்று, அவ்வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.