உங்களுக்குத் தெரியுமா? கொடைக்கானல் சூரியன், கோரமங்கலா சர்வர்

1909 ஜனவரியில் கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்த ஜான் எவர்ஷெட், புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் படிக்கப்படும் அந்த முடிவை அச்சிட்டது ஆய்வகத்தின் சொந்த இதழ். அந்தப் பழைய இதழ்களைப் புரட்ட மலையேற வேண்டாம். பெங்களூரு கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைத் தன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

களஞ்சியத்தை இயக்குவது 'டிஸ்பேஸ்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது, நிரலை நம் வசதிப்படி திருத்திக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிலையான முகவரி தர இதில் வழியுண்டு. தளத்தை மாற்றியமைத்தாலும் மேற்கோள் காட்டிய இணைப்பு செத்துப்போகாது. (காணாமல்போன பி.டி.எஃப்.களைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்!)

சர் சி.வி. ராமனின் ஆய்வுக் கட்டுரைகளை ராமன் ஆய்வு நிறுவனமும் டிஸ்பேஸ் வழியாகவே தந்திருக்கிறது. பெங்களூருவில் இதற்கு முன்னோடி என்றால் இந்திய அறிவியல் கழகம்தான்: 'இபிரிண்ட்ஸ்' என்ற இன்னொரு திறமூல மென்பொருளில் 2002இலேயே களஞ்சியம் தொடங்கிவிட்டது.