கதவு தட்டும் இளைஞர்கள்

அமெரிக்க நாட்டில் அக்டோபர் 31-ம் நாள் மாலையில் ஒரு விந்தையைக் காணலாம். சிறுவரும் சிறுமியரும் முகமூடி அணிந்து, விதவிதமாக வேடமிட்டு, கையில் பையேந்தி வீடு வீடாகச் செல்கின்றனர். முன்பின் அறியாத பிள்ளைகள் தட்டினாலும் கதவு திறக்கிறது, மிட்டாய் கிடைக்கிறது. வாசல்தோறும் குடைந்தெடுத்த பரங்கிக்காய்க்குள் விளக்கு எரிகிறது. நவம்பர் முதல் நாள் நாம் கொண்டாடும் சகல புனிதர் திருநாளின் முந்திய இரவே, ‘ஹாலோவீன்’ என்னும் பெயரோடு இவ்வாறு உருமாறி நிற்கிறது.

ஊரெங்கும் கதவுகள் திறக்கும் அந்த மாலையில், ஆண்டு முழுவதும் அயலார் கதவைத் தட்டப் பழகிய இரு இளைஞர்கள் மட்டும் தங்கள் சிறு வாடகை வீட்டில் அடைந்து கிடக்கின்றனர். வெள்ளைச் சட்டையும், கழுத்துப்பட்டியும், பெயர் பொறித்த கறுப்பு அட்டையுமாக வெளியே சென்றால், அவர்களையும் வேடமிட்டவர்கள் என்று மக்கள் எண்ணிவிடக்கூடும் அன்றோ? ஆகவே, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புமாறு பல இடங்களில் அவர்களுடைய தலைவர்கள் பணித்துவிடுகின்றனர். இவர்களே மொர்மோன் சபையின் இளம் வேதபோதகர்கள்.

‘பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அச்சபையின் முழுப் பெயர். 1830-ம் ஆண்டில் ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் அதனைத் தொடங்கினார். இன்று அதன் தலைமையிடம் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் நகரம். மூவொரு கடவுளைப் பற்றிய அவர்களுடைய போதனை நமது விசுவாசத்தினின்று பெரிதும் வேறுபட்டது. அதனால்தான் அவர்கள் அளிக்கும் ஞானஸ்நானம் செல்லத்தக்கதன்று என 2001-ம் ஆண்டில் உரோமை அறிவித்தது. இவ்வேறுபாட்டை மறைக்கவோ மறக்கவோ நாம் விரும்பவில்லை. ஆயினும் ஒருவருடைய கொள்கையை ஏற்க இயலாதபோதும், அவருடைய உழைப்பைக் கண் திறந்து பார்ப்பது நமக்கு இழுக்காகாது.

உலகெங்கும் 70,000-க்கு மேற்பட்டோர் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள். 2012-ம் ஆண்டு அக்டோபரில் ஆண்களுக்குரிய தொடக்க வயது 19-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளியிறுதி வகுப்பை முடித்த கையோடு வீட்டை விட்டுப் புறப்படும் இளைஞனுக்கு ‘எல்டர்’, அதாவது மூப்பர், என்ற பட்டம் சூட்டப்படுகிறது! மீசை அரும்பும் வயதில் மூப்பர்! இளைஞர்கள் 2 ஆண்டுகளும், இளம் பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றுகின்றனர். சம்பளம் என்பது இல்லை. அவர்களே பணம் கட்டுகின்றனர். 2020 ஜூலை முதல் அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு மாதம் 500 டாலர் என்று வரையறுத்துள்ளனர். இதற்கெனப் பள்ளி நாள்களிலேயே உண்டியலில் காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. எந்த ஊர், எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்துகொள்வதில்லை; அனுப்பிய இடத்திற்குச் செல்ல வேண்டும்.

அத்தகைய ஓர் இளைஞனை ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். காலை 6.30 மணியளவில் எழுகிறான். உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி. பின்னர் தனியாகவும் துணைவனோடும் மறைநூல் படிப்பு. ‘துணைவன்’ என்போன் அவனே தேடிக்கொண்ட நண்பனல்லன், தலைவர் நியமித்தவன். நம் ஆண்டவரும் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த முறையைத்தான் இவர்களும் பின்பற்றுகின்றனர். ஆனால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே வீட்டில் சமைத்து, ஒரே பாதையில் நடந்து, நாள் முழுவதும் ஒருவரையொருவர் பிரியாதிருப்பது எளிதான காரியமா? திருமணமான நம் குடும்பத்தார் இவ்வினாவிற்கு விடை கூறட்டும்!

பகல் முழுவதும் மக்களைத் தேடிச் செல்கின்றனர். இக்காலத்தில் கைபேசி வழியாகவும் தேடுகின்றனர்; எனினும் கதவு தட்டுவது அறவே நின்றுவிடவில்லை. பல கதவுகள் திறப்பதில்லை. திறந்தவற்றுள்ளும் பல உடனே மூடிக்கொள்கின்றன. இலையுதிர் காலம் முற்றும்போது பணி மேலும் கடினமாகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், மாலை 5 மணியை ஒட்டியே இருள் கவிகிறது. இருட்டில் வந்து தட்டும் அயலானுக்கு யார் கதவு திறப்பார்? ஆகவே கையில் வாருகோல் ஏந்தி, முதியோர் வீட்டு முற்றத்தில் குவிந்த இலைச்சருகுகளை வாரிக் கொடுக்கின்றனர். பேச்சுக்குத் திறவாத சில கதவுகள் இத்தொண்டுக்குத் திறக்கின்றன.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும், பண்டங்கள் வாங்கவும், வீட்டிற்கு எழுதவும் விடப்படுகிறது. வீட்டாரோடு தொலைபேசியில் பேசும் உரிமை நெடுங்காலம் ஆண்டில் இருமுறைதான் இருந்தது: கிறிஸ்துமஸ் அன்றும், அன்னையர் தினத்தன்றும். 2019 பெப்ருவரியில்தான் வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்ந்தது.

இப்பின்னணியில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழனை எண்ணிப் பாருங்கள். அது அமெரிக்கரின் நன்றியறிதல் நாள். 1621-ல் பிளிமத் குடியேறிகள் கொண்டாடிய அறுவடை விருந்தை நினைவூட்டுவது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ல் லிங்கன் நாடு முழுமைக்கும் அறிவித்தது. எங்கிருந்தாலும் பிள்ளைகள் அன்று பெற்றோர் வீடு வந்து சேருவர். வான்கோழியும், பரங்கிக்காயில் செய்த இனிப்பும் மேசையில் நிறையும். அம்மேசையில் இவ்வாண்டு ஒரு நாற்காலி வெறுமையாயிருக்கிறது. தாயின் பார்வை எத்தனை முறை அங்கே சென்று மீளும்!

மகனோ அயலூரில் தம் சபைக் குடும்பம் ஒன்றின் விருந்தாளி. ஒரு வீட்டில் உண்டு முடிக்குமுன் அடுத்த வீட்டாரின் அழைப்பு காத்திருக்கும். மறுத்தால் மனம் நோவார்களே என்று, ஒரே நாளில் இரண்டு மூன்று விருந்துகளை உண்டு திணறும் இளைஞர் பலர். வயிறு நிறைகிறது, இரவு படுக்கைக்குச் செல்லும்போது நெஞ்சில் மட்டும் வீட்டு நினைவு கனக்கிறது.

இந்த ஏக்கத்தைத் தாங்க இயலாதவர்களும் உண்டு. நோயாலோ, மனச்சோர்வாலோ, ஐயத்தாலோ குறித்த காலத்திற்கு முன்னரே வீடு திரும்புவோரின் நிலை இரங்கத்தக்கது. ‘ஏன் வந்துவிட்டாய்?’ என்று அயலார் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அவர்கள் பார்வையே கேட்டுவிடும். இரண்டாண்டை நிறைவு செய்தவனுக்குக் கிடைக்கும் மதிப்பு எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு ஆழமானது இடையில் திரும்பியவனின் வெட்கம்.

இது மொர்மோன் வீடுகளுக்கு மட்டுமே உரிய துயரமா? குருமடத்திலிருந்தும் கன்னியர் மடத்திலிருந்தும் இடையில் திரும்பிய பிள்ளைகளை நம் பங்குகள் எப்படி வரவேற்றன? ‘சாமியாராகப் போனவன் திரும்பிவிட்டான்’ என்று கோயில் வாசலில் கிசுகிசுத்தோம் அல்லவா? அழைத்தல் இல்லை என்று நேர்மையாக உணர்ந்து திரும்புவது பாவமன்று. ஆனால் அப்பிள்ளையின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, உறவினர் வருகையில் அவனை உள்ளறைக்கு அனுப்பும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். அவனுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு திறந்த கதவு. அது அவன் சொந்த வீட்டின் கதவு.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அயலான் ஒருவன் வேறொரு போதனையோடு நம் வாசலில் நின்றால், நம் விசுவாசத்தில் உறுதியாக நின்றுகொண்டே அவனுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்கலாம். தேநீரும் காப்பியும் மொர்மோன் இளைஞர் பருகமாட்டார்; தண்ணீரே போதும். அவனும் எங்கோ ஒரு தாய் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் மகன். நம் வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளையோ, வென்று வந்தாலும் தோற்று வந்தாலும், தட்டவேண்டிய தேவையே இல்லாதபடி நம் கதவு திறந்திருக்கட்டும்.