சக்கர வாக்கர்: பயன்பாடும் பராமரிப்பும்

சக்கர வாக்கர் என்பது நடக்கும்போது தடுமாறுபவர்களும் சிறிது தூரத்திலேயே களைத்துப்போகிறவர்களும் இரு கைகளாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்க உதவும் உலோகச் சட்டம் ஆகும். பெரும்பாலும் அலுமினியக் குழாயால் செய்யப்படுகிறது. முன்கால்களில் மட்டும் சக்கரம் உள்ள வகை ஒன்று. நான்கு கால்களிலும் சக்கரமும், கைப்பிடியில் பிரேக்கும், நடுவில் உட்கார ஒரு பலகையும் கொண்டது மற்றொன்று. இரண்டாவது வகையைக் கடைகளில் ரோலேட்டர் என்கிறார்கள்.

நான்கு சக்கர வாக்கரை 1978-இல் உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க். செவிலியர் படிப்பில் இருந்தபோது இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, நடக்கச் சிரமப்பட்டவர் அவர். தம் தேவையிலிருந்தே இதை வடிவமைத்தார். அது பிறந்த நாட்டில் நடைபாதை சமமானது, வீட்டு வாசலில் படி குறைவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த ஊரில் அதே கருவி வேறு தரையைச் சந்திக்கிறது. ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: நடப்பவரின் உடல்நிலை, அவர் நடக்கப்போகும் தரை.

யாருக்கு ஏற்றது

சக்கர வாக்கர் சமநிலைக்குத் துணை செய்யும். முழு எடையைத் தாங்காது. உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டுச் சாய்ந்தால் சக்கரம் முன்னே ஓடிவிடும், பிடித்தவர் முகம் குப்புற விழுவார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஒரு காலில் எடை போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர் ஆகியோருக்குத் தொடக்கத்தில் சக்கரம் இல்லாத சாதாரண வாக்கரே சரி. பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர் நான்கு சக்கர வண்டியைத் தள்ளினால் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரே கையால் இரு சக்கரங்களையும் நிறுத்தும் பிரேக் உள்ள மாதிரிகள் உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு நடை தானாகவே வேகமெடுக்கும் பழக்கம் இருப்பதால், வண்டி அவர்களை இழுத்துச் சென்றுவிடும் ஆபத்து உண்டு. மறதி நோய் முற்றியவர் பிரேக் போட மறந்துவிடுவார். அவருக்கு நான்கு சக்கரம் கொடுக்காமலிருப்பதே நல்லது.

மூட்டுத் தேய்மானம், மூச்சு வாங்குதல், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய் ஏற்படும் தடுமாற்றம் போன்றவற்றுக்கு இது பெரிதும் உதவும். ரேஷன் கடை வரை நடந்து, நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, திரும்பி வர முடிகிறவர் திண்ணையிலேயே முடங்கிவிட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கியது என்பதற்காக அதே வகையை வாங்குவது மட்டும் வேண்டாம். வாங்குமுன் இயன்முறை மருத்துவர் ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்த்தால் போதும்.

உயரமும் அகலமும்

வழக்கமாக அணியும் செருப்புடன் நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் உள்மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும். அப்போது பிடித்தால் முழங்கை லேசாக, சுமார் 15 முதல் 20 பாகை வரை மடங்கும். கைப்பிடி தாழ்ந்திருந்தால் முதுகு கூனும். உயர்ந்திருந்தால் தோள் வலிக்கும். இரு பக்கமும் ஒரே துளையில் பொருத்தியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவும். ஒரு துளை மாறினாலும் வண்டி சாயும்.

அகலத்தைப் பலர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே அளக்கிறார்கள். நான்கு சக்கர வாக்கர் பெரும்பாலும் இரண்டடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். இரண்டரை அடி நிலையில் நுழையும். கிராமத்துக் குளியலறையின் இரண்டடிக் கதவில் நுழையாது. அங்கே சுவரில் கைப்பிடிக் கம்பி பதிப்பதே வழி. கழிப்பறைக்குப் போகும் கடைசி நான்கு எட்டில் வாக்கரை விட்டுவிட்டு நடப்பது விழுவதற்கு நல்ல வாய்ப்பு.

நடக்கும் முறை

வண்டிக்குப் பின்னால் தொலைவில் நின்று தள்ளக் கூடாது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையில் உடல் இருக்க வேண்டும். பார்வை காலடியில் அல்லாமல் சில அடி முன்னால் இருக்கட்டும். திரும்பும்போது காலைத் திருகாமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து வட்டமடித்துத் திரும்ப வேண்டும்.

பிரேக் இரண்டு வேலை செய்கிறது. நெம்புகோலை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் வேகம் குறையும். கீழே தள்ளி 'டக்' என்று விழவைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எழும்போதும் உட்காரும்போதும் பூட்டியிருக்க வேண்டும். எழுபவர் வாக்கரின் கைப்பிடியை இழுத்து எழக் கூடாது. திண்ணையின் அல்லது நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, அதையே உள்ளங்கையால் ஊன்றி எழுந்து, நின்ற பிறகு ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்ற வேண்டும்.

பலகையில் உட்காருவதற்கு முன் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பூட்டி, முழங்காலின் பின்புறம் பலகையைத் தொடும்வரை பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருக்க, பேரன் பின்னாலிருந்து தள்ளும் காட்சியைப் பார்க்க முடிகிறது. சக்கர நாற்காலி போலத் தோன்றினாலும் இது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முன்சக்கரம் ஒரு கல்லில் தட்டினால் போதும், வண்டி கவிழும்.

தண்ணீர்க் குடத்தையோ கனத்த பையையோ கைப்பிடியில் மாட்டக் கூடாது. கனத்த பொருள் பலகைக்குக் கீழேயுள்ள கூடையில்தான் இருக்க வேண்டும், அதுவும் அளவாக. சேலைக் கொசுவமும் வேட்டியும் சக்கரத்தில் சிக்காத உயரத்தில் இருக்கட்டும். தொளதொள ரப்பர் செருப்பைவிடப் பின்வார் உள்ள செருப்பு பாதுகாப்பானது.

கரிசல் தரையும் வாசற்படியும்

கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். சிறிய முன்சக்கரம் அந்தப் பிளவில் இறங்கினால் வண்டி நின்றுவிடும், நடப்பவர் நிற்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தாலோ அதே மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பிரேக்கைப் பிடிக்கவிடாது. ஆகவே காட்டுப் பாதையில் இது வேண்டாம். சிமெண்டுத் தெரு, தார்ச்சாலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளியில் நடப்பவருக்குக் குறைந்தது 8 அங்குலச் சக்கரம் தேவை. காற்றடைக்கும் டயர் இந்தப் பக்கத்துக்கு ஒத்துவராது என்பதைச் சீமைக்கருவேல முள்ளை மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு ரப்பர் டயரே மேல்.

தார்ச்சாலையின் ஓரம் பக்கவாட்டில் சரிந்திருக்கும். வண்டி தானாகவே பள்ளத்துப் பக்கம் இழுக்கும், ஆகவே ஓரத்தின் விளிம்பை ஒட்டி நடக்க வேண்டாம். இறக்கத்தில் இரு பிரேக்கையும் ஒரே அளவில் அழுத்தியபடி இறங்க வேண்டும்.

வீட்டுக்கு முன் டூவீலர் ஏற்றுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவை வாக்கருக்கும் பயன்படுத்துகிறார்கள். அது பெரும்பாலும் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதே சரிவுக்குப் பொதுவான கணக்கு. படி அரை அடி என்றால் சரிவு ஆறு அடி நீளம் வேண்டும். இடமில்லையென்றால் படியில் வாக்கரோடு ஏறவே கூடாது. மடித்து ஒருவர் தூக்கிக்கொள்ள, நடப்பவர் கம்பியையோ மற்றொருவரையோ பிடித்து ஏறட்டும். மினி பஸ்ஸில் ஏறுவதற்கும் இதே முறைதான்.

பராமரிப்பு

இதற்குத் தனி மெக்கானிக் தேவையில்லை. பிரேக் ஒயர் சைக்கிள் பிரேக் ஒயரைப் போன்றதே. சைக்கிள் கடைக்காரர் சரிசெய்துவிடுவார். வாரம் ஒருமுறை பிரேக்கைப் பூட்டிவிட்டு வண்டியை அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரம் உருண்டால் ஒயர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிடியருகே அல்லது சக்கரத்தருகே உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். தறி ஓடும் வீடுகளில் இது அதிகம். சக்கரம் கடினமாகச் சுழன்றால் முதலில் அதை ஊசியாலோ சிறு கத்திரியாலோ எடுத்துவிட வேண்டும். அதன்பின் அச்சில் ஒரு துளி மெஷின் ஆயில் விடலாம். தேங்காய் எண்ணெய் புழுதியை இழுத்துப் பிசின்போல ஆகிவிடும். எந்த எண்ணெயும் டயரிலோ பிரேக் கட்டையிலோ படக் கூடாது.

முன்சக்கரம் மட்டும் உள்ள வகையில் பின்கால் நுனியிலுள்ள ரப்பர் புஷ்தான் பிரேக். அதன் அடிவரிகள் தேய்ந்து வழவழப்பானதும் மாற்ற வேண்டும். விலை மிகக் குறைவு. மடக்கும் பூட்டு, உயரம் மாற்றும் பொத்தான், திருகுகள், குழாயில் விரிசல் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். மழையில் நனைந்தால் சேறு காய்வதற்குள் கழுவித் துடைக்கவும். வாசலில் வெயிலில் நிறுத்தினால் ரப்பர் இறுகி வெடிக்கும்.

பெறும் வழிகள்

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதைக் கடந்தோருக்கு நடைக்கருவிகளை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தை ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கியது. கான்பூரில் உள்ள செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமான அலிம்கோ, முகாம்கள் நடத்தி இவற்றை வழங்குகிறது. முகாமில் தருவது சக்கரம் உள்ளதா இல்லாததா என்று கேட்டு, அங்கேயே உயரத்தைச் சரிசெய்து, நான்கு எட்டு நடந்து பார்த்து வாங்குவது நல்லது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், வாக்கர் பழக்கவும் உதவி கிடைக்கும்.

பயன்படுத்தியவர் காலமான பிறகு வாக்கரை உறவினருக்குக் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது உயரத்தைப் புதியவருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு அவருக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.