வீதி ஏறுகிறது, வீடு இறங்குகிறது!

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகள் இன்னும் சில பாக்கி இருக்கின்றன. தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போகும்படி கட்டிய வீடுகள். இன்று அவற்றில் சிலவற்றுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. வீடு பூமிக்குள் போய்விடவில்லை. தெருதான் மேலே வந்துவிட்டது. ஔவைப் பாட்டி வரப்பைத்தான் உயரச் சொன்னாள். வீதியை உயரச் சொன்னதாகத் தெரியவில்லை!

கணக்கு சுலபமானது. பழைய ரோட்டின் மேல் புது ரோடு, அதன் மேல் இன்னொன்று. தடவைக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் எட்டுத் தடவையில் ஓர் அடி. கோலம் போட்ட வாசல் பள்ளமாகிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேரே கூடத்துக்கு விஜயம் செய்கிறது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றுவதும், சாக்கடை கலந்த தண்ணீரை வாளியால் இறைப்பதும் பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் சிலர் வீட்டையே அஸ்திவாரத்திலிருந்து பிரித்து, வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும், ரோட்டைப் பரிசோதிக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, லாரிகளை ஓட்டி ஓட்டியே ரோட்டைப் பாழாக்கிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால், ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்காகிறது என்று அப்போது தெரிந்தது. நம் சந்தில் நாள் முழுவதும் ஓடும் ஸ்கூட்டர்களைவிட, ஒரே ஒரு தண்ணீர் லாரி செய்யும் வேலை அதிகம். அந்தப் பரீட்சையை ஒட்டிச் சிலரைக் காரில் ஏற்றிப் பல ரோடுகளில் அழைத்துப் போய், 0 முதல் 5 வரை மார்க் போடவும் சொன்னார்கள். முதுகெலும்பு போட்ட மார்க்!

நம் நாட்டில் ஒற்றைச் சக்கரக் கருவி ஒன்றை ஜீப்பின் பின்னால் கட்டி, மணிக்கு 32 கிலோ மீட்டர் வேகத்தில் இழுத்துப் போகிறார்கள். சக்கரம் குதிக்கிற குதிகளையெல்லாம் அது கூட்டி, கிலோ மீட்டருக்கு இத்தனை மில்லி மீட்டர் என்று சொல்லிவிடும். ரோட்டின் பலத்தை அறிய இன்னொரு முறை உண்டு. பெங்கெல்மன் என்ற அமெரிக்க இஞ்சினீயரின் பெயர் பெற்ற நீண்ட கோல் அது. பாரம் ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அதன் நுனியை வைத்து, லாரியை மெல்ல நகர்த்துவார்கள். அமுங்கிய ரோடு எவ்வளவு நிமிர்கிறது என்று கோல் காட்டும். வீங்கிய காலை டாக்டர் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாரே, அதே வைத்தியந்தான்.

ஆனால் ஒரு சங்கடம். புதுத் தார் விழுந்த மறுநாளே ரோடு வழவழப்பில் நல்ல மார்க் வாங்கிவிடும். எதிர் வீட்டுப் படி காணாமற்போனது அந்த மார்க்கில் சேராது.

இதற்கு மாற்று, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவது. பல் வைத்த உருளை கொண்ட இயந்திரம் அதைச் செய்கிறது. சுரண்டிய தாரும் ஜல்லியும் வீணில்லை. சூடாக்கிப் புதுக் கலவையில் சேர்க்கலாம். இப்படிச் சுரண்டிய பிறகே ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் ஒப்புக்குச் சுரண்டிவிட்டு, அதைப்போல் இரண்டு பங்கு கனம் போட்டால் பழைய கதைதான்.

அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இயந்திரம் வருமுன், வாசல் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். அதிலிருந்து ரோட்டு ஓரம் வரை ஒரு நூலை மட்டமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நூலிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் என்று தையல் டேப்பால் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள். அங்குலம் குறைந்திருந்தால் ரோடு ஏறிவிட்டது என்று அர்த்தம். சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து, தேதியையும் அங்குலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். அதுவரை அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.