விளையாட்டுத் திறனும் கல்லூரி இடமும்

மும்பை மாநகரின் மாட்டுங்கா கல்விக்கூடங்கள் செறிந்த பகுதி. ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இலும், போதார் வணிகவியல் கல்லூரி 1941இலும் அங்கே தோன்றின. கிரிக்கெட் வீரர் ரவி சாஸ்திரி போதாரில் பயின்றவர். இருப்புப்பாதைக்கு அப்பால், சிறிது தொலைவிலேயே தாராவி உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள ஓர் இளைஞன் கபடியிலோ ஓட்டத்திலோ வல்லவனாயின், அத்திறன் அவனுக்குச் சிறந்த கல்லூரியின் கதவைத் திறக்க வேண்டுமா? திறப்பின், மதிப்பெண் மிகுந்த மற்றொருவனுக்கு அது அநீதி ஆகாதா?

இடம் பறிபோகிறதா?

நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்யும் மாணவனுக்குப் படிப்பதற்கான நேரம் குறைகிறது. அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்வதும், விளையாட்டை வளர்ப்பதுமே ஒதுக்கீட்டின் நோக்கங்கள். பிறர் இடத்தைப் பறிக்காதிருக்கக் கூடுதல் இடங்களை உருவாக்குவது ஒரு வழி. தில்லிப் பல்கலைக் கழகம் இம்முறையைப் பின்பற்றுகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024–25ஆம் கல்வியாண்டில் ஒவ்வோர் இளநிலைப் பாடப்பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்களை விளையாட்டு வீரர்க்கென ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கு உரியது. எனினும் நுழைவுத் தேர்வில் தேறுவது கட்டாயமாகும். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு 500 இடங்கள் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு இருக்கலாம் என்பது அடுத்த வினா. சண்டீகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில், 2 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் 75 சதவீத மதிப்பெண் வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டின் நோக்கத்தையே இவ்விதி குலைக்கிறது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2023இல் அதனைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

அமெரிக்கா தரும் பாடம்

அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளரே தமக்கு வேண்டிய வீரரைத் தேடிப் பரிந்துரைப்பது வழக்கம். இதில் ஊழல் புகுந்தது 2019இல் வெளிப்பட்டது. விளையாடியே அறியாத செல்வர் வீட்டுப் பிள்ளைகள், கையூட்டுப் பெற்ற பயிற்சியாளர்களின் துணையால் வீரர்களாகக் காட்டப்பட்டு, யேல் போன்ற பல்கலைக் கழகங்களில் இடம்பெற்றனர். இச்சதியின் தலைவருக்கு 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தனி ஒருவரின் சொல்லை மட்டுமே நம்பும் முறை எளிதில் விலைக்கு வாங்கப்படும் என்பதே இது தரும் பாடம்.

வாய்ப்பு எங்கே தொடங்குகிறது?

சான்றிதழை மட்டும் நம்பினாலும் குறை நீங்காது. போட்டியில் ஆடினால்தான் சான்றிதழ் கிட்டும்; அணி உள்ள பள்ளியில் பயின்றால்தான் போட்டியில் ஆட இயலும். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கரின் அறிவுரைப்படி, சச்சின் தெண்டுல்கர் தாதரில் உள்ள சாரதாசிரமப் பள்ளிக்கு மாறினார். 1988இல் ஹாரிஸ் கேடயப் போட்டியில் அவரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் குவித்தது அப்பள்ளிக்காகவே. திறன் அவருடையது, அது பலர் கண்ணிற்படக் களம் அமைத்துத் தந்தது பள்ளி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அங்குப் பயிலும் ஏழைப் பிள்ளைக்கு மைதானமும் பயிற்சியாளரும் கிட்டாவிடில், கல்லூரி ஒதுக்கீடு அவனை எட்டாமலே போகும். துப்பாக்கி சுடுதல், டென்னிஸ் போன்ற செலவு மிகுந்த விளையாட்டுகளுக்கே இடங்கள் மிகுதியாகச் சென்றால், ஒதுக்கீடு வசதி படைத்தோரின் மற்றொரு வாயிலாகிவிடும்.

ஆகவே, சான்றிதழுடன் நேரடிக் களத் தேர்வும் நடத்துதல், தேர்வுக் குழுவில் வெளியாரைச் சேர்த்தல், புள்ளிகளையும் முடிவுகளையும் அனைவரும் அறிய வெளியிடுதல், கபடி, கோ-கோ, தடகளம் ஆகியவற்றிற்கு உரிய பங்கு அளித்தல் ஆகியன இன்றியமையாதவை. சேர்ந்த பின் பாடத்தில் பின்தங்குவோர்க்குத் தனி வகுப்புகளும் வேண்டும். பட்டம் பெறாமல் வெளியேறும் வீரனுக்குக் கல்லூரி இடம் தந்ததாகக் கூறுவதில் பொருளில்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே. அதைக் கடக்க ஒதுக்கீடு ஒரு பாலமாகலாம். ஆயின் அப்பாலத்தின் முதற்படி பள்ளி மைதானத்தில் அமைய வேண்டும்.